கம்பளிக்குள் வைத்த அளவுக்கம்பி

என் தங்கச்சி பேச்சியைக் கட்டிக்கொண்டு, போகிற போக்கில் என் கழுத்தில் ஒரு டீசல் இஞ்சினையும் கட்டிவிட்டுப் போன அருமை மச்சான் சந்தனத்துக்கு,

நீ கண்ணை மூடி இந்தப் பங்குனியோடு ஒரு வருசம் ஆகிறது. உன் நினைவாக அட்டனில் ஒரு தாள் அச்சடிக்கிறோம். மேலே உன் படம். கீழே நாலு வரி எழுதிக் கொடு என்றாள் பேச்சி. நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவன். அந்த நாலு வகுப்பையும் இரண்டே வருசத்தில் படித்து முடித்தவன் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். உன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் நாலு பேருக்குத் தெரிந்தால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

ஆத்திரம்தான் மச்சான், வேறென்ன சொல்ல? சாகப்போகிற மனிதன் செய்யவேண்டிய வேலையை விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போவான். நீ விட்டுப்போனது ஒரு மரப்பெட்டி, ஒரு நோட்டுப்புத்தகம், அப்புறம் ஒரே ஒரு சொல். "பழகட்டும்யா." அந்த ஒரு சொல்லால் இந்த ஒரு வருசத்தில் நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வரக்கூடாது.

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை அரைக்கிற உருளையிலிருந்து தூளைச் சலிக்கிற சல்லடை வரைக்கும் எல்லாவற்றையும் ஓட்டுவது ஒரே இஞ்சின். மூன்று சிலிண்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பச்சைப்பிள்ளையை உட்கார வைக்கலாம், அவ்வளவு அகலம். சந்தனம் அதற்கு டிரைவர். நான் எண்ணெய் ஊற்றுகிறவன். பெயருக்குத்தான் எண்ணெய் ஊற்றுகிறவன். அந்த இஞ்சினுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் தெரிவது எனக்குத்தான். மரக்கட்டை ஒன்றை அதன் வயிற்றில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தேன் என்றால், எந்தப் பேரிங்கில் எவ்வளவு தேய்மானம் என்று சொல்லிவிடுவேன். காது அடைத்திருந்தால் பெருவிரல் நகம். சிலிண்டரின் உள்சுவரில் பிஸ்டன் வளையம் உரசுகிற இடம் தேயும். அதற்கு மேலே உரசாத இடம் தேயாமல் ஒரு விளிம்பாக நிற்கும். அந்த விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நகம் சொல்லும். இதற்காகவே வலது கைப் பெருவிரல் நகத்தை நான் பதினைந்து வருசமாக வெட்டியதில்லை.

நீ இதையெல்லாம் மதித்தாயா? காதையும் நம்பமாட்டாய், நகத்தையும் நம்பமாட்டாய். பேரிங்குக்குள் மெல்லிய ஈயக்கம்பியை வைத்து இறுக்கி, நசுங்கினதை எடுத்து அதன் கனத்தை அளப்பாய். பழைய எண்ணெயில் ஒரு சொட்டை மை ஒற்றும் தாளில் விட்டு, நடுவில் விழுகிற கறுப்பு வட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். பிஸ்டன் வளையத்தைத் தனியே சிலிண்டருக்குள் இறக்கி, அதன் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று மெல்லிய தகடுகளைச் செருகிச் செருகிப் பார்ப்பாய். இவ்வளவும் போதாமல், கடைசியில் அந்த மரப்பெட்டி.

பெட்டிக்குள் மைக்ரோமீட்டர். நாங்கள் அளவுக்கம்பி என்போம். உருக்குக் கம்பி, முனையில் திருகு. சிலிண்டருக்குள் குறுக்கே வைத்துத் திருகினால், இரண்டு பக்கச் சுவரையும் தொடுகிறவரை நீளும். பிறகு திருகில் இருக்கிற கோடுகளைப் பார்த்து, சிலிண்டர் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று எழுதவேண்டும். ஒரு அங்குலத்தை ஆயிரம் துண்டாக நறுக்கி அதில் ஒரு துண்டு வரைக்கும் காட்டும். ஆயிரத்தில் ஒரு துண்டு எதற்கய்யா ஒரு மனிதனுக்கு? நான் கேட்டிருக்கிறேன். நீ பதில் சொன்னதில்லை.

வருசத்துக்கு ஒரு தடவை, ஆடி மழையில் கொழுந்து குறைகிறபோது, இஞ்சினை நிறுத்தித் திறப்போம். முதல்நாள் சாயங்காலமே நீ பெட்டியைத் திறந்து, அளவுக்கம்பியை இஞ்சின் மேலேயே வைத்துவிடுவாய். காலை வரை யாரும் தொடக்கூடாது. காலையில் எடுக்கும்போதும் வெறுங்கையால் எடுக்கமாட்டாய், துணியை மடித்துப் பிடித்துத்தான் எடுப்பாய். "என்னா மச்சான், தாலாட்டுப் பாடவா? தொட்டில் கட்டவா?" என்று நான் கேட்பேன். நீ, "பழகட்டும்யா" என்பாய். அவ்வளவுதான். எது, எதற்குப் பழகவேண்டும்? ஏன் பழகவேண்டும்? இன்னும் ஐந்து சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால் வாய் தேய்ந்துபோயிருக்குமா?

அந்த நோட்டுப்புத்தகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இஞ்சின் புதிதாக வந்து இறங்கிய வருசம், உலகச் சண்டைக்கு முன்னால், நீ தொடங்கியது. இருபத்திரண்டு ஆடிக்கு இருபத்திரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அளவு, உன் கையெழுத்து, கீழே தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கரின் கையெழுத்து. முதல் ஆடியில் இரண்டாவது சிலிண்டருக்கு ஆயிரத்தில் ஒன்று தேய்மானம். பிறகு ஒரு வருசம் ஒன்று, ஒரு வருசம் ஒன்றரை, கொழுந்து குறைந்த வருசம் அரை. கடைசியாக நீ எழுதியது இருபத்திரண்டு. வெறும் இரும்புக்கும் இந்தச் சின்ன எண்ணுக்கும் இவ்வளவு மரியாதையா என்று நான் சிரிப்பேன்.

அந்த நோட்டு இல்லாவிட்டால் உன் பெண்டாட்டிக்கும் மகளுக்கும் நாடு இல்லை என்று ஆகப்போகிறது என்று எனக்கு அப்போது யார் சொன்னது?

நீ பேச்சிக்கும் பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போன இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பம்தான். நீ உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி ஒரு கடிதாசியும் வரவில்லை. நீ போய் இரண்டாம் மாதம் வந்தது. நீ இந்தத் தீவிலேயே இத்தனை வருசமும் விட்டுப்போகாமல் இருந்தாய், நடுவில் இந்தியாவில் போய்க் குடியிருக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி கொண்டுவரவேண்டும் என்று. தோட்டத்து ஆபீசில் கேட்டால், வேலையாட்கள் பெயர் பதிகிற பழைய செக்ரோல் எல்லாம் கரையான் தின்றுவிட்டது, பிந்திய வருசங்களுக்கு வேண்டுமானால் கடிதம் தருகிறோம் என்றார்கள். ரேசன் கூப்பனில் பாதி வருசம் இல்லை. வீட்டை உதறிப் பார்த்ததில் மிஞ்சியது உன் நோட்டு ஒன்றுதான். வருசா வருசம், ஒரே மாதம், ஒரே இடம், உன் கையெழுத்து, பக்கத்தில் ஒரு உத்தியோகஸ்தர் கையெழுத்து. ஆபீஸ் கிளார்க் ஐயாவே, "இது போதும், இதைவிட நல்ல சாட்சி ஏது" என்று சொன்னார். பேச்சி அதை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

அந்த நோட்டைத்தான் மச்சான், நான் கெடுத்தேன்.

ஆடி வந்தது. இப்போது டிரைவர் நான். அந்த மழையைப் பற்றிச் சொல்லவேண்டுமா? கொத்மலைப் பக்கமிருந்து மூடிக்கொண்டு வந்ததில் பதினெட்டு நாள் சூரியனைப் பார்க்கவில்லை. பேச்சி என்னைக் கும்பிட்டு, பெட்டியையும் நோட்டையும் என் கையில் கொடுத்தாள். மழையில் நனைந்து துருப்பிடித்தால் உன் ஆவி என்னைச் சும்மா விடாது என்று, பெட்டியிலிருந்து கம்பியை எடுத்துத் துணியில் சுற்றி, கம்பளிக்குள், கக்கத்தில் வைத்து அணைத்துக்கொண்டேன். பன்னிரண்டு அங்குலக் கம்பி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி போனேன். இஞ்சின் ரூமிலும் கூரை ஒழுகியது, கீழே வைக்க மனசு வரவில்லை. சிலிண்டர் தலையை இருபது ஆள் தூக்கவேண்டும், நான் ஒற்றைக் கையால் தூக்கினேன். சங்கிலிக் கப்பி மேலே இருந்தது உண்மைதான், ஆனால் இழுத்தது என் கை.

டீமேக்கர் ஐயா பக்கத்தில் நின்று பார்த்தார். கம்பியைக் கம்பளிக்குள்ளிருந்து எடுத்து, சூட்டோடு சூடாக இரண்டாவது சிலிண்டருக்குள் வைத்துத் திருகினேன். இருபது.

மறுபடி கக்கத்தில் வைத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி அளந்தேன். இருபது.

நோட்டில் உன் கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் அதை எழுதி, டீமேக்கர் ஐயாவிடம் கையெழுத்தும் வாங்கினேன். போன வருசம் இருபத்திரண்டு. இந்த வருசம் இருபது. ஒரு வருசம் ஓடின பிறகு சிலிண்டர் தேய்வதற்குப் பதிலாகத் தேறியிருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது? நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரியாதா? நான் ஊற்றுகிற எண்ணெயும் என் கைராசியும் சேர்ந்து இஞ்சினை இளசாக்கிவிட்டது என்று சொன்னேன். முதலில் எங்கள் லயத்து வீடுகளில் சொன்னேன். பிறகு அட்டனில், நானா கடையில், சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். நல்லதண்ணி ஊருக்குப் போயிருந்தபோது அங்கேயும் சொன்னேன். வட்டகொடை ஸ்டேசனில் ஒரு கங்காணி என்னோடு பேசிக்கொண்டிருந்ததில் ரயிலையே விட்டுவிட்டார். கேட்டவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்தால் நான் எங்கே நிறுத்துவேன்?

ஆவணியில் கொழும்பிலிருந்து இஞ்சினியர் துரை வந்தார். சிங்கள மனிதர், கண்ணாடி போட்டவர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். உன் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, பக்கம் பக்கமாகப் பார்த்தார். கடைசியில் என் இருபதைப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். சிலிண்டர் சுருங்காது, இரண்டில் ஒரு அளவு பொய், நீ சரியாக அளந்தாயா என்று கேட்டார். அப்போதாவது என் வாய்க்குப் பூட்டு விழுந்திருக்கக்கூடாதா? டீமேக்கர் ஐயா சாட்சி, நான் இரண்டு தடவை அளந்தேன், என் கண்ணுக்கு ஆயிரத்தில் அரையும் தப்பாது, இந்த இஞ்சின் என் காதோடு பேசும் என்று சிங்களத்தில் கடகடவென்று சொன்னேன். என் சிங்களத்தைக் கேட்டு அவரே அசந்துபோனார்.

அவர் சிவப்பு மையை எடுத்தார். உன் இருபத்திரண்டாம் பக்கத்தில் இங்கிலீசில் ஒரு வரி எழுதினார். கிளார்க் ஐயா படித்துச் சொன்னார். 'முந்திய அளவுகள் நம்பத்தக்கவை அல்ல, அளக்காமலே எழுதப்பட்டவை போலும்.'

அளக்காமலே. உன்னைப் பார்த்து. கம்பியைத் துணியால் பிடிக்கிற உன்னைப் பார்த்து.

பேச்சிக்குச் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. நான் வீட்டுக்குப் போனபோது வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சமாளித்திருப்பேன்.

"அண்ணே, நீ என்னா சொல்லிட்டு வந்த?"

"அளந்ததச் சொன்னேன். வேறென்னா சொல்ல?"

"அப்ப அவரு வருசா வருசம் பொய் எழுதுனாரா? இத நான் எடுத்துக்கிட்டு கவுருமெண்டுக் கச்சேரிக்குப் போனா, புருசன் இங்க இல்லாமலே எழுதிப்புட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் வருகிற கோபம். நான் எப்படி அளந்தேன் தெரியுமா, எவ்வளவு பக்தியாக அளந்தேன் தெரியுமா என்று அவளுக்குச் செய்து காட்டினேன். கம்பளியைப் போர்த்தி, கரண்டியைக் கக்கத்தில் வைத்து, அணைத்து, நடந்து காட்டினேன்.

அவள் கரண்டியை என் கக்கத்திலிருந்து உருவினாள்.

"கம்பளிக்குள்ளயா வச்ச?"

"ஆமா. நனையாம."

"ஒரு தடவ பெட்டிய அடுப்புப் பக்கம் வச்சதுக்கு அவரு என்னைய என்னா பேச்சு பேசுனாரு தெரியுமா. சூடு பட்டா கம்பி நீண்டுரும், கம்பி நீண்டா சிலிண்டரு சின்னதாக் காட்டும்னாரு. இஞ்சினுக்கு அடிக்கிற குளிரு கம்பிக்கும் அடிக்கணும்னாரு. ஒனக்குச் சொல்லலியா?"

"சொன்னான். பழகட்டும்யான்னான்."

"நீ வாய மூடுனாத்தான அண்ணே, அவரு மிச்சத்தச் சொல்ல."

உன் பெண்டாட்டிக்குச் சொல்லியிருக்கிறாய். அடுப்பு ஊதுகிறவளுக்குச் சொல்லியிருக்கிறாய். இருபது வருசம் உன் பக்கத்தில் நின்று எண்ணெய் ஊற்றினவனுக்குச் சொல்லவில்லை. இது என்ன நியாயம் மச்சான்? நான் இடையில் பேசினால் என்ன, என் தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்லியிருக்கக்கூடாதா?

இன்னொன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். பேச்சிக்குக்கூட இதைச் சொல்லவில்லை, தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். அன்று ஆடியில், கம்பியை வைப்பதற்கு முன்னால், வழக்கம்போல நகத்தை விளிம்பில் வைத்து இழுத்தேன். நகம் போன வருசத்தைவிட அழுத்தமாக மாட்டியது. தேய்மானம் கூடியிருக்கிறது என்று நகம் சொன்னது. ஊரெல்லாம் நான் பெருமையடிக்கிற நகம், அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னது. கம்பி சொன்ன செய்தி எனக்குப் பிடித்திருந்தது. அதனால் நகத்தைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு முன்னாலேயே, தோட்டத்துப் பெரிய துரை பங்களா வாசலில் போய் நின்றேன். எனக்கு இஞ்சினைத் திரும்பத் திறக்கவேண்டும், இஞ்சினியர் துரை திரும்ப வரவேண்டும், தப்பு செய்தது நான், செத்தவன் இல்லை என்று சொன்னேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனது என்று நினைக்கிறாய்? என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான். பெரிய துரை டீமேக்கரைப் பார்த்தார். டீமேக்கர் ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கொழுந்து வந்து குவிகிற மாதத்தில் இஞ்சினை நிறுத்துவதா, உன் விளையாட்டுக்கு நாங்கள் ஆளா என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். நியாயம்தான். உன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரமோ அவ்வளவு ஆத்திரம் அவருக்கு என்மேல். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை நின்றதும் சிலிண்டர் தலையைக் கழற்றினோம். பெட்டியைத் திறந்து கம்பியை இஞ்சின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தேன். கூரை ஒழுகுகிற இடத்தில் தகரம் ஒன்றைச் செருகினேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. தொடவில்லை.

ஞாயிறு காலை இஞ்சினியர் துரை வந்தார். தன் கம்பியையும் முதல்நாளே அனுப்பி வைத்திருந்தார், அதுவும் உன் கம்பிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. பெரிய துரை, டீமேக்கர், கிளார்க் எல்லாரும் நின்றார்கள். உன் மகள் ராசாத்தி தன் அம்மாவைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள். லயத்தில் பாதிப்பேர் ஜன்னலில். பல்லைக் கடித்துக்கொண்டு, துணியை மடித்துக் கம்பியைப் பிடித்து, இறக்கினேன். திருகினேன். இஞ்சினியர் துரை தானே கோட்டைப் பார்த்தார்.

இருபத்திமூன்று.

தன் கம்பியால் அளந்தார். இருபத்திமூன்று. மேலே, நடுவே, கீழே, குறுக்கே, நெடுக்கே, உன்னை மாதிரியே ஒரு இடம் விடவில்லை அந்த மனிதர். உன் இருபத்திரண்டுக்குப் பிறகு ஒரு வருசம். ஒன்று கூடியிருக்கிறது. எங்கே இருக்கவேண்டுமோ அங்கே இருந்தது.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. இருபது எப்படி வந்தது, அதையும் காட்டு என்றார். எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. எல்லார் முன்னாலும் கம்பளியைப் போர்த்தி, உன் கம்பியைக் கக்கத்தில் வைத்து, அரைமணி நேரம் நிற்கவேண்டும் என்கிறார். நின்றேன் மச்சான். இந்த மலைநாட்டில் என்னைப் பற்றி ஆயிரம் கதை சொல்லி வைத்திருக்கிறேன். அந்த அரைமணி நேரத்தில் அத்தனையும் அந்த ஜன்னல் வழியாகச் சிரித்துக்கொண்டே வெளியே போயின. "மாமா, கோழி அடை காக்குது" என்று ஒருத்தி சொன்னாள். யார் என்று பார்க்கவில்லை. குரல் தெரியும்.

பிறகு அளந்தேன். இருபது. அணுவும் பிசகாமல் இருபது. ஒரு கக்கத்தை வைத்துக்கொண்டு டீசல் இஞ்சினை மூன்று வருசம் இளமையாக்கிக் காட்டியவன் இந்தத் தீவில் நான் ஒருத்தன்தான், இதை யாரும் மறுக்க முடியாது. சிரிக்கவே தெரியாத டீமேக்கர் ஐயா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இஞ்சினியர் துரை சிரிக்கவில்லை. என் இருபதை அடித்து இருபத்திமூன்று என்று திருத்தினார். உன் பக்கத்தில் இருந்த சிவப்பு வரியைக் குறுக்கே அடித்தார். அதற்குக் கீழே நீல மையில் எழுதினார், கையெழுத்துப் போட்டார். கிளார்க் ஐயா படித்தார். முந்திய அளவுகள் எல்லாம் சரியானவை, தானே பார்த்துச் சோதித்தது என்று. இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதலாமே துரை என்று நான் கேட்டேன். இடம் இல்லை என்றார். போகும்போது, இதை எழுதியவர் எங்கே படித்தவர் என்று என்னைக் கேட்டார். என்னோடு படித்தவர் என்று சொல்லிவிட்டேன். அது பொய்தான். நீ பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை, எழுத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தது உன் அப்பா. ஆனால் அந்த ஒரு பொய்யை எனக்கு விட்டுவிடு.

மாசியில் கச்சேரியில் விசாரணை நடந்தது. நான், பேச்சி, ராசாத்தி, கிளார்க் ஐயா நாலுபேரும் போனோம். பேசக்கூடாது என்று என்னிடம் நாலு தடவை சொன்னார்கள். பேசவில்லை. விசாரித்த ஐயா நோட்டை வாங்கிப் புரட்டினார். அவருக்கு இஞ்சினும் தெரியாது, சிலிண்டரும் தெரியாது. எண்களைப் பார்த்துக்கொண்டே போனார். மொழிபெயர்க்கிறவரிடம் ஏதோ கேட்டார். அவர் பேச்சியைப் பார்த்து, "இந்த இலக்கம் வருசா வருசம் கூடிக்கிட்டே போகுதே, என்னாம்மா இது? சம்பளமா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ராசாத்தி என் காலை மிதித்தாள்.

"தேய்மானங்க" என்றாள் பேச்சி. "தேயில இஸ்டோரு இஞ்சின் தேஞ்ச அளவு. ஒரு ஆடிகூட விட்டுப்போகல பாருங்க. அவரு எங்கயும் போகலீங்க. இங்கதான் இருந்தாரு."

விசாரித்த ஐயா இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். சிவப்பு வரி இருக்கிற பக்கத்தில் நின்றார். நீல வரியைப் படித்தார். நோட்டை மூடிப் பேச்சியிடம் திருப்பிக் கொடுத்தார். முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

இன்னும் வரவில்லை மச்சான். தபால்காரன் வரும் நேரம் பார்த்து பேச்சி வாசலைக் கூட்டுகிறாள். ஒரே வாசலை ஒரு நாளைக்கு மூன்று தடவை கூட்டுகிறாள். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வந்தால் என்ன எழுதியிருக்கும்? உனக்கு அங்கே ஏதாவது தெரிகிறதா? தெரிந்தாலும் ஒரு சொல்லில்தானே சொல்வாய்.

இன்னொரு செய்தி. தேய்ந்த உள்சுவருக்குப் பதிலாக இரண்டாவது சிலிண்டருக்குப் புது உறை போடவேண்டும் என்று இஞ்சினியர் துரை எழுதிவிட்டார். அடுத்த ஆடிக்குள் வந்துவிடும். வந்தால் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். இதைக் கேட்டதும் பேச்சிக்கு முகம் மாறிவிட்டது. "பூச்சியமா? அப்ப அவரு எழுதுனது?" என்றாள். அது அப்படியே இருக்கும், இஞ்சினுக்குத்தான் புது உறை, நோட்டுக்கு இல்லை, அதே நோட்டில் அடுத்தடுத்த பக்கத்தில்தான் எழுதுவேன் என்றேன். அப்புறம்தான் கொஞ்சம் தெளிந்தாள்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அச்சில் கொடுக்கிறேன், மாற்ற முடியாது. இனி ஒவ்வொரு ஆடியிலும் முதல்நாள் சாயங்காலமே கம்பியை இஞ்சின் மேல் வைத்துவிட்டு விலகி நிற்பேன். துணியால்தான் தொடுவேன். என்ன காட்டுகிறதோ அதை எழுதுவேன், எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். எழுதின பிறகு வெளியே போய் என்ன சொல்வேன் என்பதற்கு மட்டும் வாக்குக் கொடுக்கமுடியாது, அது உனக்கே தெரியும். ஆனால் நோட்டில் ஒரு ஆடியும் விட்டுப்போகாது. யார் வந்து எப்போது கேட்டாலும், நாங்கள் இங்கேதான் இருந்தோம் என்று அது சொல்லும்.

நகத்தை வெட்டவில்லை. அதை மட்டும் கேட்காதே.

உன்னிடம் மிச்சத்தைக் கேட்காமலே விட்ட,
பேச்சியின் அண்ணன், ராசாத்தியின் தாய்மாமன்,
உன் மச்சான் காத்தமுத்து